ஆவணி வெள்ளத்துக்குப் பிறகு சிப்பி வளருகிறது, பாடத்திலோ கரையும் என்கிறார்கள்: எது சரி?

கடியபட்டணத்தான்:

வணக்கம். கடல் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூன்று நாளாக இதுதான் சண்டை. (எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர், பெருக்கு இல்லை.)

அப்பா சிப்பி எடுப்பவர். கடியபட்டணம் பாறைகளிலும் முட்டம் பக்கத்துப் பார்களிலும் (கடலடிப் பாறைத் திட்டுகள்) முப்பத்தைந்து வருஷமாக முங்குகிறார். முகக்கண்ணாடி, வலைப்பை, ஒரு இரும்புக் கம்பி, இவ்வளவுதான் கருவி. நான் நாகர்கோவிலில் விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் கடல் அமிலமாவதைப் பற்றி நடத்தினார்கள். நாம் வெளியே விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறதாம். அதனால் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு, குறையக் குறைய அமிலம்) இறங்கி, சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் ஓடு கட்டத் திணறுமாம். கடல் வண்ணத்துப்பூச்சி என்கிற சின்ன நத்தையின் ஓடு, 2100-ல் எதிர்பார்க்கப்படும் தண்ணீரில் 45 நாளில் கரைந்து போவதைப் படமாகக் காட்டினார்கள். எனக்குப் பயமாகவே இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா மரச்சீனிக் கிழங்கைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஆவணிக் கடைசியில அலை அடங்கி முங்குனா வெள்ளம் ஐஸ் மாதிரி தணுத்துக் கெடக்கும், பச்சையா கலங்கி ஒரு நாத்தமும் இருக்கும். அது உன் பாடப்படி நல்ல வெள்ளமா, கெட்ட வெள்ளமா?"

அது அடியிலிருந்து ஏறி வரும் தண்ணீர், அதில் கரியமில வாயு அதிகம், அப்படிப் பார்த்தால் கெட்ட வெள்ளம்தான் என்றேன்.

"அப்போ அந்த வெள்ளம் வந்து போன பெறவுதானே பாறை முழுக்கக் குஞ்சு அப்புது? அதுக்கப்புறம்தானே சிப்பி கிடுகிடுன்னு வளருது? கரையணும்னா எங்க அப்பன் காலத்துலேயே கரைஞ்சிருக்கணும்லா?"

என்னிடம் பதில் இல்லை. அம்மா சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஆவணி வெள்ளத்தில் உண்மையிலேயே பிஎச் குறைவுதானா? அப்படியானால் நம் சிப்பி அதற்கு ஏற்கெனவே பழகிவிட்டதா? பழகிவிட்டால் இனி வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லையா?

குளச்சல்காரன்:

தம்பி, முதலில் நூறு சிப்பி இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று சொல். அதைக் கேட்டால்தான் எனக்கு நெஞ்சு கரைகிறது. நான் துபாயில் இருக்கிறேன். இங்கே ஐஸில் வைத்த சிப்பி கிடைக்கும், வாயில் வைக்க முடியாது.

கேள்வி நல்ல கேள்வி. யாராவது ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள், நானும் படிக்கிறேன்.

பழைய வேதியியல் வாத்தியார்:

ஒரு சொல்லை முதலில் சரிசெய்துவிடுகிறேன், பழக்க தோஷம். கடல் அமிலமாகிவிடவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் மேல்தண்ணீரின் பிஎச் சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. இரண்டுமே காரப் பக்கம்தான். ஆனால் 0.1 தானே என்று அலட்சியம் வேண்டாம். பிஎச் மடக்கை அளவு, 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனி ஏறக்குறைய 26 சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். இதே வேகத்தில் புகை விட்டால் இந்த நூற்றாண்டுக் கடைசிக்குள் இன்னும் 0.3 வரை இறங்கலாம்.

ஓட்டுக்கு என்ன சிக்கல் என்றால், கரியமில வாயு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனியை அவிழ்த்துவிடும். அது போய்த் தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட் ஆக்கிவிடும். சுண்ணாம்பு ஓட்டுக்கு வேண்டியது கார்பனேட். செங்கல் இருக்கிறது, ஆனால் மாற்றான் கைக்குப் போய்விட்டது.

சிப்பி வளர்வது எப்படி என்பது விலங்கியல். அது என் பாடமில்லை.

ஈரமணல்:

தம்பி, அப்பாவிடம் பாதியளவாவது தோல்வியை ஒப்புக்கொண்டு விடுங்கள். நான் தேங்காப்பட்டணத்துக்காரி. சிப்பிக் குஞ்சுகளோடு ஆறு வருஷம் ஆய்வுக்கூடத்தில் கிடந்தவள். இப்போது அந்த வேலையில் இல்லை, ஆனால் சிப்பியைப் பார்த்தால் கை தானாகத் திருப்பிப் பார்க்கும்.

அந்த ஆவணி வெள்ளம் கெட்ட வெள்ளம்தான். தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, நம் கரையோரத்து மேல்தண்ணீர் வெளிக்கடலுக்குத் தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் ஏறி வருகிறது. மேலேயிருந்து விழுந்த செத்ததும் கழிவும் மக்கியே ஆக்சிஜன் செலவான தண்ணீர் அது. மக்கும்போது வந்த கரியமில வாயுவெல்லாம் அதிலேயே தங்கியிருக்கும். ஆக, பிஎச் குறைவு. புத்தகத்தில் 2100 என்று போட்டிருக்கும் தண்ணீரின் ஒரு சாயலை உங்கள் அப்பா வருஷாவருஷம் முங்கிப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஆனால் அதே தண்ணீர் உரத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது. வெயில் பட்டதும் நுண்பாசி பெருகும். அப்பா சொன்ன பச்சைக் கலங்கல் அதுதான். சாளையும் நெத்தோலியும் அந்தச் சோற்றுக்குத்தான் கூட்டமாக வருகின்றன. சிப்பி இருந்த இடத்திலேயே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தின்கிறது.

சோறு ஏன் முக்கியம்? ஓடு கட்டுவதை ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிப்பியின் சதை மடிப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் மெல்லிய ஒரு இடைவெளி, அங்கேதான் சுண்ணாம்பு படிகிறது. படியப் படிய ஹைட்ரஜன் அயனி மிஞ்சும். அதை வெளியே இறைத்தால்தான் அடுத்த படலம் நிற்கும். வெளியே பிஎச் இறங்கினால் வள்ளத்தின் ஓட்டை பெரிதாகிறது. வயிறு நிறைந்தவன் விடாமல் இறைத்துக் கரை சேர்வான். பட்டினிக்காரனுக்குக் கை ஓய்ந்துவிடும்.

இதை ஜெர்மனியில் பால்டிக் கடலோரம் கீல் என்ற ஊரின் கடற்கழியில் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் கோடை முடிவில் அடித்தண்ணீர் ஏறும். கரியமில வாயு அழுத்தம் 2,000 மைக்ரோ அட்மாஸ்பியரைத் தாண்டும். இன்றைய வெளிக்கடலில் அது 400-ஐ ஒட்டித்தான். அந்தத் தண்ணீரிலும் நீலச்சிப்பி கொத்துக் கொத்தாக வாழ்கிறது. 2011-ல் வந்த ஆய்வில் தீனியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். தீனி குறைந்து கரியமில வாயுவும் கூடிய தொட்டியில், சிப்பி ஓட்டின் உட்புறம் கரைய ஆரம்பித்தது. வெளிப்புறம் இல்லை, உட்புறம். அதைப் படித்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

வெளிப்புறம் ஏன் தப்புகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சிப்பியை எடுங்கள். ஓட்டின் மேல் தவிட்டு நிறத்தில் ஒரு தோல் இருக்கும், நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும். அது சுண்ணாம்பு இல்லை, புரதம். அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், ஒன்றும் ஆகாது. பிறகு கத்தியால் அந்தத் தோலை வழித்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு சொட்டு விடுங்கள். குமிழ் பொங்கும். கூர்முனைப் பக்கம் பாருங்கள், பாறையில் உரசி ஏற்கெனவே தோல் போய் வெள்ளை தெரியும். வயதான சிப்பியில் அந்த இடம்தான் முதலில் அரிக்கும், அப்போது அது உள்ளேயிருந்து படலம் வைத்து ஒட்டுப்போடும். (கடலில் எலுமிச்சைச் சாறு ஓடவில்லை, தெரியும் சார். தோலின் வேலையைக் காட்டத்தான்.)

இதுவரை அப்பா கட்சி. இனி என் கட்சி.

அவர் பார்ப்பது வளர்ந்த சிப்பியையும், பாறையில் வந்து ஒட்டியதில் பிழைத்த குஞ்சையும். அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது, அது யார் கண்ணுக்கும் படாது. நம் தவிட்டுச் சிப்பி முட்டை விடுவதே பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, அந்த வெள்ளத்தின் நடுவில். கரு உண்டான ஒன்றிரண்டு நாளுக்குள் குஞ்சு முதல் ஓட்டைக் கட்டிவிட வேண்டும். நுண்ணோக்கியில் ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும், நேர்கோட்டு முதுகும் வளைந்த வயிறுமாக. பசிபிக் ஆளியின் (ஆளி சிப்பிக்கு உறவுக்கார ஓட்டுயிர்) குஞ்சு 48 மணி நேரத்தில் தன் உடல் எடையில் 90 சதவீதத்தைச் சுண்ணாம்பாகவே படிய வைக்கிறது. அப்போது அதற்கு வாய் சரியாகத் திறக்கவில்லை, தின்ன முடியாது. தாய் முட்டையில் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதி மட்டும்தான். வெளியே எவ்வளவு பச்சைக் கலங்கல் இருந்தும் அதற்குப் பிரயோஜனமில்லை. வள்ளம் முழுக்க ஓட்டை, கையில் ஒரு கட்டுச்சோறு.

அமெரிக்காவில் ஓரிகன் கரையில் ஒரு ஆளிக் குஞ்சுப் பண்ணையில் 2007, 2008-ல் குஞ்சுகள் கூண்டோடு செத்தன. முதலில் கிருமி என்றுதான் நினைத்தார்கள். அடித்தண்ணீர் ஏறும் நாட்களில் குழாயில் இழுத்த கடல்நீர்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்புறம் தண்ணீரைக் கண்காணித்து, சோடியம் கார்பனேட் கலந்து, பிழைத்துக்கொண்டார்கள்.

எனக்கே ஒரு அனுபவம். ஒரு ராத்திரி ஒரு தொட்டிக்குள் கரியமில வாயு விடும் குழாய் சிக்கித் திறந்தபடி நின்றுவிட்டது. காலையில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். செத்துப் போகவில்லை, எல்லாம் சுழன்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த நேர்கோட்டு முதுகு ஒன்றில்கூட நேராக இல்லை, கடித்து எடுத்த முறுக்கு மாதிரி உள்வாங்கியிருந்தது. மூன்றாம் நாள் தொட்டி அடியில் வெள்ளைப் பொடியாகக் கிடந்தன. மூன்று மாத வேலை. பொறுப்பில் இருந்தவர் என்னைத்தான் திட்டினார், பழுதான வால்வை அல்ல.

"பழகிவிட்டதா" என்று கேட்டீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, அதே உயிர் தன்னைச் சரிக்கட்டிக்கொள்வது: அதிகம் தின்பது, அதிகம் இறைப்பது, தன் ஓட்டினை உள்ளேயிருந்து தடிப்பாக்குவது. தாய் வழியாகவும் கொஞ்சம் போகும். ஆஸ்திரேலியாவில் சிட்னி பாறை ஆளியின் பெற்றோரைக் கரியமில வாயு கூடிய தண்ணீரில் வைத்து முட்டைவிட வைத்தார்கள். அவற்றின் குஞ்சுகள் அதே தண்ணீரில் மற்றக் குஞ்சுகளைவிடப் பெரிதாக, வேகமாக வளர்ந்தன. 2012-ல் வந்தது அந்த ஆய்வு. மற்றது, தாங்காதவை கழிந்து தாங்கியவை மிஞ்சுவது. கலிஃபோர்னியாக் கரையின் ஊதாக் கடல் முள்ளெலிக் குஞ்சுகளைப் பிஎச் குறைந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தபோது, ஒரு வாரத்துக்குள்ளேயே பிழைத்த கூட்டத்தின் மரபணுக் கலவை மாறியிருந்தது. வெளியே பார்க்க எல்லாம் நன்றாகவே தெரிந்தது. அங்கேயும் அடித்தண்ணீர் ஏறும் கடல்தான், அதனால் தாங்கும் சரக்கு கூட்டத்துக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

நம் சிப்பியிலும் அப்படி இருக்கும் என்பது என் ஊகம். தலைமுறை தலைமுறையாக ஆவணி வெள்ளத்தில் சலித்து எடுத்த வித்து அது. ஆனால் சல்லடையின் கண் இன்னும் சிறுத்தால் எத்தனை மிஞ்சும் என்பதுதான் கேள்வி. மேல்தண்ணீரின் பிஎச் இறங்கினால் ஆவணி வெள்ளமும் அதற்குக் கீழேயிருந்துதானே தொடங்கும்.

இன்னொன்று, சிப்பி பாறையில் பிடித்திருக்கும் அந்த நார். 2013-ல் அமெரிக்காவின் மேற்குக் கரைச் சிப்பியில் பார்த்தார்கள்: கரியமில வாயு மிகக் கூடிய தண்ணீரில் ஒவ்வொரு நாரும் தாங்கும் இழுவிசை 40 சதவீதம் குறைந்தது. ஓடு நன்றாக இருந்தும் அலை பிடுங்கிக்கொண்டு போய்விடும். நம் கரையில் ஆனி, ஆடி அலை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கணவாய்க் கணக்கு:

அக்கா, நான் மீன் கம்பெனியில் கணவாய் தரம் பிரிக்கிறவள். ஒரு நாளைக்கு எத்தனை கணவாய் ஓடு கையால் உருவுகிறேன் என்று கணக்கே இல்லை. அதுவும் சுண்ணாம்புதானே? நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்களே. அதுவும் கரைந்துவிடுமா? நண்டு, சிங்கி இறால்? கத்தாளைத் தலைக்குள் வெள்ளைக் கல் இருக்குமே, சின்ன வயதில் அதை வைத்துத்தான் கல்லாங்காய் ஆடுவோம், அது?

ஈரமணல்:

கல்லாங்காய்க்கு நாங்களும் அதுதான்! சந்தையில் தலையை மட்டும் கேட்டு வாங்குவோம்.

கணவாய் ஓடு உடம்புக்கு உள்ளே இருக்கிறது, கடல்தண்ணீர் அதைத் தொடுவதில்லை. கணவாய் ஓடியாடி வேட்டையாடும் பிராணி, தன் ரத்தத்தின் அமிலத்தைச் சரிக்கட்டும் சக்தி அதற்குச் சிப்பியைவிட எவ்வளவோ அதிகம். 2008-ல் ஐரோப்பியக் கணவாயை ஆறு வாரம் 6,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 6,000 பங்கு) கரியமில வாயுவுக்குச் சமமான தண்ணீரில் வைத்தார்கள். ஓடு கரையவில்லை, வளர்ச்சியும் நிற்கவில்லை. பிறகு பார்த்தபோது ஓட்டின் அடுக்குகள் வழக்கத்தைவிட நெருக்கமாக, கனமாக வந்திருந்தன. கணவாய்க்கு ஓடு மிதவை. மிதவை கனத்தால் நீந்தும் செலவு என்ன ஆகும் என்பது வேறு கணக்கு.

நண்டும் இறாலும் தோலுக்கு அடியில் வைத்துச் சுண்ணாம்பைப் படிய வைக்கின்றன. 2009-ல் 18 வகை உயிர்களை ஒரே மாதிரி வைத்துச் சோதித்த ஆய்வில், நீலநண்டும் அமெரிக்கச் சிங்கியும் ஒரு வகை இறாலும் கரியமில வாயு கூடக் கூடச் சுண்ணாம்பை அதிகமாகவே வைத்தன. ஆளியும் மட்டியும் குறைத்தன. நீலச்சிப்பி ஒன்றும் செய்யவில்லை. "கடல் அமிலமானால் எல்லாம் கரையும்" என்று ஒரே வரியில் பாடம் எழுதுகிறவர்களை இதற்காகத்தான் எனக்குப் பிடிக்காது.

மீனுக்குச் செவுள்தான் இறைப்பான். ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி பைகார்பனேட்டை ரத்தத்தில் தேக்கிக்கொள்ளும். அந்தத் தேக்கத்தாலோ என்னவோ, 2009-ல் ஒரு மீன் வகையின் குஞ்சுகளுக்குத் தலைக்கல் பெரிதாகவே வளர்ந்தது! அந்தக் கல் காதுக்குள் இருப்பது, மீன் சாயாமல் நீந்துவதற்கு. பெரிதானால் நல்லதா கெட்டதா என்பது அவ்வளவு சுலபமில்லை. அதே வருஷம் கோமாளி மீன் குஞ்சு மோப்பம் இழந்து எதிரியிடமே போகிறது என்று ஒரு ஆய்வு வந்து உலகமே பேசியது. 2020-ல் வேறொரு குழு பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தது. பவளப்பாறை மீன்களின் நடத்தையில் அப்படிப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆகவே மீன் நடத்தையைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் பொறுத்து நம்புங்கள்.

குளச்சல்காரன்:

ஒரே ஒரு சந்தேகம். ஊரில் சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு நீற்றுவார்களே. அந்தச் சுண்ணாம்பை வள்ளம் வள்ளமாகக் கடலில் கொட்டினால் சரியாகிவிடாதா?

பழைய வேதியியல் வாத்தியார்:

கேலியாகக் கேட்டாலும் யோசனை தப்பில்லை, கடலின் காரத்தன்மையைக் கூட்டும் வழிகளை நிஜமாகவே ஆராய்கிறார்கள். ஆனால் ஓட்டைச் சூளையில் சுடும்போது என்ன வெளியேறும்? சிப்பி இத்தனை பாடுபட்டுப் பூட்டி வைத்த அதே கரியமில வாயு. விறகுப் புகை தனி. அதைப் பிடித்து வைக்க வழியில்லாமல் சூளை போட்டால் வரவில் பெரும்பகுதியைச் செலவே தின்றுவிடும்.

கடியபட்டணத்தான்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று எலுமிச்சைச் சோதனை செய்தேன். தோலில் ஒன்றும் இல்லை, வழித்த இடத்தில் பொங்கியது. அப்பா பக்கத்திலேயே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழைப் பார்த்ததும் சிப்பியைக் கையில் வாங்கி, கூர்முனை வெள்ளையைத் தடவிப் பார்த்தார். "இது பாறையில ஒரஞ்சதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குஞ்சு எல்லா வருஷமும் ஒரே மாதிரி அப்புவதில்லை என்றும், சில வருஷம் மேலாப்பில் மட்டும் ஒட்டி நாலு பாகத்துக்குக் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) கீழே பாறை மொட்டையாகக் கிடக்கும் என்றும் சொன்னார். இதை என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. கேட்டதற்கு, "நீ எங்க கேட்ட?" என்றார்.

அக்கா, இந்த ஆவணியில் அப்பாவிடம் ஒரு பாட்டில் கொடுத்து அடித்தண்ணீர் எடுத்து வரச் சொல்லலாமா? மீன்தொட்டிக் கடையில் பிஎச் கருவி மலிவாகக் கிடைக்கிறது.

ஈரமணல்:

அந்தக் கருவி வேண்டாம் தம்பி. அதில் 0.1 தப்பு வருவது சர்வசாதாரணம், நாம் தேடுவதே 0.1, 0.2 வித்தியாசம். கல்லூரியில் நல்ல கருவி இருந்தால் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு வெப்பமானி போதும். தணுப்பு எந்த நாள் ஏறியது, எந்த நாள் இறங்கியது என்று குறித்து வைத்தாலே பாதி விஷயம் தெரியும். எந்த வருஷம் எத்தனை பாகம் வரை குஞ்சு ஒட்டியிருந்தது என்று அப்பா நினைவில் இருப்பதையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் எடுப்பதானால் இறுக்க மூடும் கண்ணாடிப் பாட்டில் எடுங்கள். மூடியைக் கீழே போய்த்தான் திறக்க வேண்டும், அங்கேயே மூடவும் வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழ்கூட இருக்கக் கூடாது, இருந்தால் வாயு அதற்குள் போய்விடும், அளவு பொய்யாகும். மேலே வந்ததும் ஐஸில் வைத்து அன்றைக்கே அளந்துவிட வேண்டும்.

கடியபட்டணத்தான்:

அப்பாவிடம் சொன்னேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை, பாட்டிலைப் பல்லால் கடித்துக்கொண்டா முங்க வேண்டும் என்று கேட்கிறார். ஆனால் சர்பத் பாட்டில் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.